பிறர் குற்றத்தைச் சுமந்தவர்கள்: இலங்கை தரும் படிப்பினை

 

பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருப்பதை நம்மில் பலரும் அறிவோம். அங்குள்ளவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று நம் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வோம்? "அங்கே முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்களே" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவோர் உண்டு. அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. பாதியை மட்டும் சொன்னால் பிள்ளையின் மனதில் பகைதான் வளரும்.

நடந்தது என்ன?

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணத்தில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவ வீரர்கள் கொல்லப்பட்டனர். அதற்குப் பழியாகக் கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. உயிரிழந்தவர்களுக்கும் அந்தத் தாக்குதலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழராகப் பிறந்ததே அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அந்தக் கலவரத்தை அடுத்துத்தான் ஈழத் தமிழர்கள் பெருமளவில் தமிழகத்துக்கு அகதிகளாக வரத் தொடங்கினர்.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டனர். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டு, கையில் சொற்பப் பணத்தோடு அவர்கள் வெளியேறினர். அவர்களுக்கும் தாய்மொழி தமிழ்தான். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்து திரும்பிச் சென்று பார்த்தபோது பலருக்கு வீடு இருந்த இடத்தில் காடுதான் இருந்தது.

இதோடு நிறுத்தினால் நாமும் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். அதே 1990 ஆகஸ்டில் அம்பாறை மாவட்டம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்குண்டு என்று பாதிக்கப்பட்டவர்கள் கூறுகின்றனர். இதைக் கேட்க நமக்குக் கசக்கும். ஆயினும் மறைக்கக் கூடாது.

நோய் எது?

மூன்று இடங்களிலும் நோய் ஒன்றுதான்: சிலர் செய்த குற்றத்தை அவர்கள் இனத்தார் அனைவர் மீதும் சுமத்துவது. யாழ்ப்பாணத்துத் தையல்காரருக்கும் கிழக்கில் நடந்த மோதலுக்கும் என்ன தொடர்பு? கொழும்பில் கடை நடத்திய தமிழருக்கும் யாழ்ப்பாணத் தாக்குதலுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் தண்டனை அவர்களுக்கே கிடைத்தது.

மார்க்கம் காட்டும் வழி

ஒருவரின் பாவச் சுமையை இன்னொருவர் மீது ஏற்ற முடியாது என்பது குர்ஆனின் அடிப்படை (6:164). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் (5:8) எச்சரிக்கிறது. நமக்கே பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:135).

ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்சாரி ஒருவருக்கும் சச்சரவு ஏற்பட்டது. இருவரும் தத்தம் கூட்டத்தாரை உதவிக்கு அழைத்தனர். நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக் காலத்து அழைப்பு என்று கண்டித்தார்கள் (புகாரி). முஹாஜிர், அன்சாரி என்பவை அல்லாஹ்வே புகழ்ந்த பெயர்கள். அந்தப் பெயர்களையே கூட்டம் சேர்த்து மோதுவதற்குப் பயன்படுத்தியபோது அது அறியாமையாகிவிட்டது. அநீதி செய்யும் சகோதரனுக்கு உதவுவது என்பது அவன் கையைத் தடுப்பதே என்றும் நபியவர்கள் விளக்கியிருக்கிறார்கள் (புகாரி).

நம் வீட்டிலும் ஜமாஅத்திலும்

இலங்கைப் போர் துப்பாக்கியோடு தொடங்கவில்லை. "அவனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்ற பேச்சு அதற்கு முன்பே இருந்தது. நம் ஊரிலும் ஊர்வலப் பாதை, கடைத் தகராறு, இளைஞர்களின் சண்டை என்று ஏதாவது ஒன்று வரும்போது அதே பேச்சைக் கேட்கிறோம். ஆகவே சகோதரர்களே:

1. தவறு செய்தவரைச் செயலைக் கொண்டு குறிப்பிடுங்கள். சாதியையோ மதத்தையோ சொல்லிக் குறிப்பிடாதீர்கள்.

2. வாட்ஸ்அப்பில் வரும் கலவரச் செய்தியை உறுதி செய்யாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆனே கட்டளையிடுகிறது (49:6).

3. நம் பிள்ளை தவறு செய்திருந்தால் ஜமாஅத்தார் முதலில் அதை ஒப்புக்கொள்ளட்டும். சமாதானப் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

4. பிள்ளைகளுக்குக் காத்தான்குடியைப் பற்றிச் சொல்லும்போது வீரமுனையையும் கொழும்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

5. முகாமில் வாழும் குடும்பங்களிடம் அண்டை வீட்டாராகப் பழகுங்கள். கல்வி உதவியோ மருத்துவ உதவியோ தேவைப்பட்டால் மதம் பார்க்காமல் செய்யுங்கள்.

புத்தளத்துக் குடிசையில் வளர்ந்த பிள்ளையும் துறைமங்கலத்து முகாமில் வளர்ந்த பிள்ளையும் ஒரே போரால் வீடிழந்தவர்கள். இருவருக்காகவும் துஆ செய்வோம். நம் மாவட்டங்களில் எந்தப் பிள்ளைக்கும் அந்த நிலை வராமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.