நட்சத்திர வீரருக்கு நிறையப் பணம் கொடுக்கலாமா?



கால்பந்து என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைப்பது வேறொரு விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், சுமந்து ஓடியும் முன்னேறுவார்கள். பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓடிச் சென்று பிடிப்பவர் ரிசீவர். களத்தில் ஒரு பக்கத்துக்கு 11 பேர் ஆடுவர். அணியில் மொத்தம் 53 பேர் இருப்பர்.

அங்குள்ள தேசியக் கால்பந்து லீக்கில் 32 அணிகள் உள்ளன. பணக்கார அணியே எப்போதும் வெல்லக் கூடாது என்பதற்காக 1994-இல் சம்பள உச்சவரம்பு கொண்டு வரப்பட்டது. அவ்வாண்டு ஓர் அணி 3 கோடியே 46 லட்சம் டாலர் வரை செலவிடலாம். 2025-இல் இத்தொகை 27 கோடியே 92 லட்சம் டாலராக உயர்ந்தது. எல்லா அணிகளுக்கும் ஒரே அளவுதான். ஆகவே ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால், இன்னொருவருக்குக் குறைத்தே ஆக வேண்டும். மாதச் சம்பளத்துக்குள் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்!

அப்படியானால், பந்தைப் பிடிக்கும் நட்சத்திர வீரருக்குப் பெருந்தொகை கொடுப்பது சரியா?

முதலில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கன்சாஸ் சிட்டி அணியில் டைரீக் ஹில் என்ற மின்னல் வேக வீரர் இருந்தார். 2022 மார்ச்சில் அவ்வணி அவரை மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 5 வாய்ப்புகளைப் பெற்றது. மயாமி அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் தர இசைந்தது. சராசரியாக ஆண்டுக்கு 3 கோடி. அவ்வாண்டின் உச்சவரம்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு! ஹில் ஏமாற்றவில்லை. 2023 பருவத்தில் 1,799 கெஜம் எடுத்து லீக்கில் முதலிடம் பெற்றார். ஆயினும் அந்த 2 பருவங்களிலும் மயாமி இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியேறியது. கன்சாஸ் சிட்டியோ 2023, 2024 பிப்ரவரிகளில் தொடர்ந்து இரு முறை சூப்பர் பௌல் கோப்பையை வென்றது.

இதற்குக் காரணம் என்ன? ரிசீவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பந்து அவரிடம் வந்து சேர வேண்டும். எறிபவரை எதிரிகள் நெருங்காமல் தடுக்கும் 5 பேர் உறுதியாக நிற்க வேண்டும். அவர்கள் தடுமாறினால் நட்சத்திரத்தின் ஓட்டம் வீணாகும். சின்சினாட்டி அணியின் ஜமார் சேஸ் 2024-இல் 1,708 கெஜமும் 17 டச்டவுனும் எடுத்தார். இரண்டிலும் அவரே முதல்வர். ஆனால் தற்காப்பு பலவீனமாக இருந்ததால், அவருடைய அணி இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. தனிமரம் தோப்பாகாது அல்லவா?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். பிலடெல்பியா அணி 2022 ஏப்ரலில் ஏ. ஜே. பிரவுன் என்ற ரிசீவரை டென்னசி அணியிடமிருந்து பெற்று, 4 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. அப்போது அதன் குவார்ட்டர்பேக் குறைந்த சம்பளம் பெறும் இளைஞர். தடுப்பு வீரர்களும் சிறந்தவர்கள். அப்பருவத்திலேயே அவ்வணி சூப்பர் பௌல் வரை சென்றது. 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40-22 என்று வென்று கோப்பையைக் கைப்பற்றியது. பிரவுனைக் கொடுத்துவிட்ட டென்னசியோ தாழ்ந்துபோயிற்று.

எனவே நட்சத்திரத்தை வாங்குவது தவறன்று. அடித்தளம் இடுமுன் கோபுரம் கட்டுவதே தவறு. முதலில் எறிபவர், அடுத்துத் தடுப்பவர்கள், தற்காப்பு வீரர்கள். அதன் பின் கையில் பணமிருந்தால் நட்சத்திர ரிசீவர் என்பதே என் கருத்து. இளம் வீரரை நன்கு தேர்ந்தெடுத்தால் செலவும் குறையும். மின்னசோட்டா அணி 2020-இல் ஸ்டெஃபான் டிக்ஸைக் கொடுத்துப் பெற்ற வாய்ப்பில்தான் ஜஸ்டின் ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், 2022 பருவத்தில், அவர் 1,809 கெஜம் எடுத்து லீக்கில் முதல்வரானார்.

பெருந்தொகை கேட்கும் வீரரைப் பேராசைக்காரர் என்று பழிப்பதும் நியாயமன்று. அடிபடும் ஆட்டம் இது. உழைக்கும் காலமோ குறுகியது. கேட்பது அவர் உரிமை. அளந்து கொடுப்பது அணியின் கடமை.

தோழியரே, பந்தைப் பிடிப்பவரை எல்லாரும் கைதட்டிப் பாராட்டுகிறோம். அவருக்காக வழியை மறித்து நின்றவர்களையும் ஒரு கணம் பார்ப்போம். வெற்றியில் அவர்களுக்கும் சம பங்கு உண்டு.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு