மாட்டுக்கு எண்ணெய் ஊற்றும் முன்

கொல்கத்தாவின் பெல்காச்சியாவில் 1893-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1995 முதல் மேற்கு வங்கக் கால்நடை, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. கால்நடை உணவியலுக்கு அங்கே தனித் துறை உண்டு. அந்தப் பக்கத்து மாட்டின் தொட்டியில் வைக்கோல், தவிடு, கடுகுப் பிண்ணாக்கு. தஞ்சாவூர் மாட்டுக்குக் கடுகுக்குப் பதில் கடலையோ எள்ளோ, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் கொழுப்பு விஷயத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே பாடம்தான்.

பால் சொசைட்டியில் ஃபேட் (பாலின் கொழுப்பு) குறைந்தால், தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் கலந்து பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் மாடு தின்பதை முதலில் தின்பவை அதன் அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை நாரைப் புளிக்கவைத்துத் தரும் அசிட்டிக் அமிலம் முதலியவற்றைக் கொண்டுதான் பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி தயாரிக்கிறது. எண்ணெய் அந்த நுண்ணுயிர்களை முடக்கினால் ஃபேட் ஏறாது, இறங்கும்.

செய்ய வேண்டியவை

1. நாருக்கு முதலிடம் கொடுங்கள். வைக்கோலையும் பசுந்தீவனத்தையும் நறுக்கிப் போடுங்கள். மாவாக அரைக்க வேண்டாம். மாடு நன்றாக அசைபோட்டால்தான் உமிழ்நீர் சுரந்து வயிற்றின் புளிப்பு கட்டுக்குள் நிற்கும்.

2. மொத்தக் கொழுப்பைக் கணக்கிடுங்கள். தீவனத்தின் உலர் எடையில் 6 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நாளைக்கு 12 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு இது 720 கிராம். வழக்கமான தீவனத்திலேயே 3 சதவீதம், அதாவது 360 கிராம், வந்துவிடும்.

3. பிண்ணாக்கு எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ ஆட்டியதில் 6–8 சதவீதமோ அதற்கு மேலோ எண்ணெய் தங்கியிருக்கும். எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கில் 1 சதவீத அளவுதான்.

4. தவிட்டை மோந்து பாருங்கள். எண்ணெய் எடுக்காத அரிசித் தவிட்டில் 12–18 சதவீதம் எண்ணெய் உண்டு. நெல்லைத் தீட்டிய உடனே தவிட்டிலுள்ள நொதி அந்த எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். ஈரக்காற்று வீசும் கொல்கத்தாவிலும் நம் கடலோரத்திலும் சிக்கு வாடை சீக்கிரம் வரும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

5. கன்று ஈன்ற முதல் மூன்று மாதம், நிறையக் கறக்கும் மாட்டுக்குப் பைபாஸ் கொழுப்பு (அசையூண் வயிற்றில் கரையாமல் கடந்துபோகும் கொழுப்பு) கொடுக்கலாம். கறக்கும் அளவுக்கு ஈடாக அப்போது அதனால் தின்ன முடியாது, உடம்பு கரையும். 50 கிராமில் தொடங்கி, மருத்துவரைக் கேட்டு 100–200 கிராம் வரை கூட்டுங்கள். அமெரிக்காவின் ஓஹையோவில் டொனால்ட் பால்ம்குவிஸ்டும் தாமஸ் ஜென்கின்ஸும் 1980-களில் செய்த ஆய்வுகள் இந்தக் கொழுப்புக்கு வழிவகுத்தன. கொழுப்பு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்துடன் பிணைத்தால் அது அசையூண் வயிற்றில் கரையாது. புளிப்பு மிகுந்த நான்காம் வயிற்றில்தான் பிரியும்.

செய்யக்கூடாதவை

1. எண்ணெயைத் தீவனத்தில் அப்படியே ஊற்றாதீர்கள். அது நாரின்மேல் படலமாகப் படியும். நார் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. சாணத்தில் செரிக்காத வைக்கோல் துண்டுகள் தெரிந்தால் உஷாராகுங்கள். வயிறு உப்பிய மாட்டுக்கு மருத்துவர் எண்ணெய் புகட்டுவது வைத்தியம், அதைத் தீவனமாக்காதீர்கள்.

2. பலகாரக் கடையின் பழைய எண்ணெய் வேண்டவே வேண்டாம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டுப்போனது.

3. எண்ணெய்ச் சத்தையும் மாவுச் சத்தையும் ஒருசேர ஏற்றாதீர்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு, மக்காச்சோள மாவு, கூடவே எண்ணெய்ப் பிண்ணாக்கு என்று போனால் வயிறு புளித்து, நுண்ணுயிர்கள் வேறு வகைக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். அவற்றில் ஒன்று மடியில் கொழுப்பு உருவாவதையே தடுப்பதைக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேல் பாமன் குழு 2000-ல் காட்டியது.

4. ஆளிவிதை போட்டால் ஒமேகா-3 பால் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கோழிக்குக் கொடுத்தால் முட்டையில் தெரியும். கோழிக்கு அசையூண் வயிறு கிடையாது. மாட்டிலோ பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிடும். ஒமேகா-3 வேண்டுமானால் பசும்புல்லைக் கூட்டுவது செலவு குறைந்த வழி.

5. நாலைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் பைபாஸ் கொழுப்பு வாங்காதீர்கள். போட்ட காசு திரும்பாது. தாது உப்புக் கலவையை அதற்கு முன் பாருங்கள்.

6. ஒரு வேளைப் பாலை வைத்து முடிவு கட்டாதீர்கள். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் ஃபேட் மாறும். தீவனத்தை மாற்றினால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள்.

ஃபேட் குறைந்தால் பார்க்க வேண்டிய வரிசை: வைக்கோல் போதுமா, தவிடு சிக்கடித்ததா, மாவுத் தீவனம் மிஞ்சியதா, மாடு அசைபோடுகிறதா. இவை நான்கும் சரியாக இருந்தால் மட்டும் கொழுப்புப் பாக்கெட்டைப் பற்றி யோசியுங்கள்.