நெடும்பயணச் சைக்கிளும் காற்றின் கணக்கும்

பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் சைக்கிளில் சென்று வருபவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை சைக்கிளிலேயே போய்ப் பார்க்கலாமே என்று எப்போதாவது எண்ணியதுண்டா? தூரம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கோவில்பட்டியில் ஓர் இரவும் திருநெல்வேலியில் ஓர் இரவும் தங்கினால் மூன்றே நாளில் போய்ச் சேரலாம். முதல் நாள் சுமார் 100 கி.மீ., இரண்டாம் நாள் 60, மூன்றாம் நாள் 80.

உடல்நலமுள்ள ஒருவருக்கு இது எட்டாத செயல் அன்று. ஆனால் புதிதாகப் புறப்படுவோர் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். காலையில் உற்சாகமாக விரைந்து மிதிக்கிறார்கள். வெயில் ஏறும்போது கால் ஓய்ந்து சாலையோரம் உட்கார்ந்து விடுகிறார்கள். அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று நாம் சொல்லிவிடக் கூடாது. அவர்கள் போடத் தவறியது இயற்பியல் கணக்கு ஒன்றைத்தான். அதை இப்போது நாம் போட்டுப் பார்ப்போம்.

சைக்கிளைத் தடுப்பவை எவை?

உங்கள் எடை 50 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மூட்டை முடிச்சு 10 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 80 கிலோ. இதைப் புவி ஈர்க்கும் விசை ஏறத்தாழ 800 நியூட்டன். சமதளச் சாலையில் இந்த வண்டியை இரண்டு விசைகள் தடுக்கின்றன.

முதலாவது, உருளும் உராய்வு. டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றே நசுங்கி, பிறகு பழைய வடிவம் பெறுகிறது. இப்படி நசுங்கி மீள்வதில் ஆற்றல் வீணாகிறது. காற்று நன்றாக அடைத்த சாதாரண டயருக்கு இந்த விசை எடையில் நூற்றில் ஒரு பங்கு எனலாம். அதாவது 8 நியூட்டன். வேகம் கூடினாலும் இது அநேகமாக மாறுவதில்லை. டயரில் காற்றுக் குறைந்தால் மட்டும் கூடிவிடும்.

இரண்டாவது, காற்றின் தடை. இது வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் உள்ளது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு, வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் வர்க்கத்தை மூன்றால் வகுத்தால் தடைவிசை நியூட்டனில் தோராயமாகக் கிடைக்கும். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், 25-ஐ 3-ஆல் வகுக்க 8.3 நியூட்டன். இந்த வேகத்தில் இரு தடைகளும் ஏறத்தாழச் சமம் என்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல் போனால் காற்றின் கை ஓங்கிவிடும்.

1972-ஆம் ஆண்டு பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் மெக்சிகோ நகரம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு சைக்கிள் வீரருக்குக் காற்று எவ்வளவு பெரிய எதிரி என்பது இதிலிருந்தே விளங்கும் அல்லவா?

அரை மணி நேரத்தின் விலை

திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கக் கிடைப்பது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதை மீண்டும் வேகத்தால் பெருக்கும்போது, காற்றை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. கீழுள்ள கணக்கைப் பாருங்கள்.

மணிக்கு 14.4 கி.மீ. (வினாடிக்கு 4 மீட்டர்): உராய்வுக்கு 32 வாட், காற்றுக்கு 21 வாட், மொத்தம் 53 வாட்.

மணிக்கு 18 கி.மீ. (வினாடிக்கு 5 மீட்டர்): 40 வாட், 42 வாட், மொத்தம் 82 வாட்.

மணிக்கு 21.6 கி.மீ. (வினாடிக்கு 6 மீட்டர்): 48 வாட், 72 வாட், மொத்தம் 120 வாட்.

மணிக்கு 36 கி.மீ. (வினாடிக்கு 10 மீட்டர்): 80 வாட், 333 வாட்; மொத்தம் 413 வாட்.

பழக்கமில்லாத ஒருவர் ஐந்து நிமிடத்திற்கு 150 வாட் கூடத் தரலாம். ஆனால் மணிக்கணக்கில் தொடர்ந்து அவரால் தர முடிவது 75 முதல் 100 வாட் வரைதான். அப்படியானால் அவருக்கு ஏற்ற வேகம் மணிக்கு 17 அல்லது 18 கி.மீ. இதை அவருடைய ஆசையோ வீரமோ தீர்மானிப்பதில்லை, அட்டவணை தீர்மானிக்கிறது.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு 60 கி.மீ. மணிக்கு 18 கி.மீ. வீதம் போனால் 3 மணி 20 நிமிடம் ஆகும். 21.6 கி.மீ. வீதம் போனால் 2 மணி 47 நிமிடம் ஆகும். மிச்சப்படுத்துவது வெறும் 33 நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு திறன்! இந்த வியாபாரம் கட்டுபடியாகாது.

ஆரல்வாய்மொழியின் காற்று

மூன்றாம் நாள் பயணத்தில் வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு கடந்து ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலை அடைய வேண்டும். அங்கே மலைத்தொடர் சற்றே இடைவெளி விட்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய்க்குள் நெருக்கிக்கொண்டு புகுவதால் வேகம் பெறுகிறது. முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் கூட்டங்கூட்டமாக நிற்பது இதனால்தான். மின்சாரம் எடுப்பவருக்கு வரமாக இருக்கும் அந்தக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை நாகர்கோவிலை நோக்கிச் சைக்கிள் மிதிப்பவருக்கு நேர் எதிரே வீசும்.

வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கிறது என்று கொள்வோம். அங்கே இது பெரிய காற்றே அன்று. நீங்களும் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சென்றால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 10 மீட்டர். தடைவிசை 33 நியூட்டன். சாலையில் உங்கள் வேகம் 5 மீட்டர்தான் என்பதால் காற்றுக்கு மட்டும் 167 வாட் தேவை. உராய்வின் 40 வாட்டையும் கூட்டினால் 207 வாட். 82 வாட்டில் முடிய வேண்டிய வேலை இரண்டரை மடங்காகிவிட்டது.

இப்போது என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதா? கூடாது. வேகத்தை வினாடிக்கு 3 மீட்டராக, அதாவது மணிக்கு 11 கி.மீ. அளவுக்குக் குறையுங்கள். மோதும் காற்றின் வேகம் 8 மீட்டர், தடை 21.3 நியூட்டன், அதற்கு 64 வாட். உராய்வுக்கு 24 வாட் சேர்த்து மொத்தம் 88 வாட். உடல் தாங்கும் எல்லைக்குள் வந்துவிட்டோம்! எதிர்க்காற்றில் மாறாமல் காக்க வேண்டியது திறனைத்தான், வேகத்தை அன்று. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்திற்கும் இதே விதிதான். 50 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாலையில் கூடுதலாக 16 நியூட்டன் விசை வேண்டும். கண்ணுக்கே தெரியாத அந்த ஏற்றம், சமதளத்தில் மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லத் தேவையான விசையை இரு மடங்காக்கி விடுகிறது.

கியர் என்ன செய்கிறது?

88 வாட் என்றாலும் எதிர்க்காற்றில் கால் வலிக்கிறதே, ஏன்? முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்பல்சக்கரத்தில் 18 பற்களும் உள்ள சைக்கிளை எடுத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். அதே சுற்றில் உங்கள் பாதம் கடக்கும் தூரம் சுமார் 1.07 மீட்டர். ஆகவே சாலையில் வேண்டிய விசையைப் போல் ஐந்து மடங்கு விசையைப் பாதம் தர வேண்டும். அமைதியான காற்றில் இது 82 நியூட்டன். மேற்சொன்ன எதிர்க்காற்றில் 148 நியூட்டன். அதுவும் நிமிடத்திற்கு 33 சுற்று என்ற மந்தமான மிதிப்பில். திறன் ஏறத்தாழ அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் படும் பாடு அதிகம்.

கியர் உள்ள சைக்கிளில் பின்புறம் பெரிய பல்சக்கரத்திற்குச் சங்கிலியை மாற்றினால், ஒரு சுற்றில் வண்டி நகரும் தூரம் குறையும். பாதம் தர வேண்டிய விசையும் குறையும். கியர் புதிதாக ஆற்றல் எதையும் தருவதில்லை. கூடுதல் விசையில் சில சுற்றுகள் என்பதைக் குறைந்த விசையில் பல சுற்றுகள் என்று மாற்றித் தருகிறது. நிமிடத்திற்கு 60 முதல் 80 சுற்று வரை இலேசாக மிதிக்க இயலும் கியரே நெடும்பயணத்திற்கு உகந்தது. கியர் இல்லாத சைக்கிள் என்றால் கடும் எதிர்க்காற்றிலும் ஏற்றத்திலும் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதும் இல்லை.

உணவும் நீரும்

உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கைத்தான் தசைகள் வேலையாக மாற்றுகின்றன. ஒரு கிலோகலோரி என்பது 4.2 கிலோஜூல். எனவே ஒரு கிலோஜூல் வேலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி உணவு என்று எளிதாக நினைவில் கொள்ளலாம். 16.3 நியூட்டன் தடையை எதிர்த்து 60 கி.மீ. செல்ல 980 கிலோஜூல் வேலை. ஆக, சுமார் 1,000 கிலோகலோரி உணவு. ஓர் இட்லிக்கு 50 கிலோகலோரி என்று வைத்தால் 20 இட்லி! இது அன்றாட உணவுக்கு மேற்பட்டது. ஒரே வேளையில் உண்ண இயலாது என்பதால், பசி எடுக்கும் முன்பே மணிக்கு ஒரு முறை வாழைப்பழமோ கடலை மிட்டாயோ உண்ண வேண்டும்.

மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று? வெப்பமாயிற்று. 82 வாட் வேலை செய்யும்போது உடலில் சுமார் 250 வாட் வெப்பம் கூடுதலாகத் தோன்றுகிறது. காற்றின் வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால், தோலைவிடக் காற்றே சூடாகிவிடுவதால் அந்த வெப்பம் தானாக வெளியேறாது. அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். இந்த 250 வாட்டுக்கு மட்டும் மணிக்கு 0.37 லிட்டர் ஆவியாக வேண்டும். உடலின் இயல்பான வெப்பம், வெயில், ஆவியாகாமல் சொட்டி வீணாகும் வியர்வை ஆகியவற்றையும் சேர்த்தால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் இழப்போம். வெறும் நீர் மட்டும் போதாது. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ அந்த இழப்பையும் ஈடு செய்யும்.

தலைசுற்றல், வாந்தி, தடுமாற்றமான பேச்சு, வெயிலிலும் உடல் சில்லிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் அந்த நொடியே நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து, விசிறி, மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். வெப்பத்தாக்கு உயிரையே பறிக்கக் கூடியது. கோடை விடுமுறையில் விருதுநகர், கோவில்பட்டிக் கரிசல் பூமியில் நண்பகலில் சைக்கிள் ஓட்டலாகாது என்று சொல்வது இதனால்தான்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி

எந்த மாதத்தில் போகலாம்? ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எதிர்க்காற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஜனவரியில் வெயிலும் மிதம். அப்போது வீசும் வடகிழக்குக் காற்று தெற்கே செல்பவரைப் பின்னிருந்து தள்ளவும் செய்யும். ஆகவே பொங்கல் விடுமுறை பொருத்தமானது. அக்டோபரில் பயிற்சியைத் தொடங்கலாம்.

வாரத்தில் மூன்று நாள் 8 முதல் 15 கி.மீ. ஓட்டுங்கள். ஞாயிறன்று மட்டும் ஒரு நீண்ட ஓட்டம். அது வாரந்தோறும் 15, 20, 25, 20, 32, 40, 50, 40, 60, 70, 75 கி.மீ. என்று வளரட்டும். நான்காம் வாரமும் எட்டாம் வாரமும் தூரம் குறைவதைக் கவனித்தீர்களா? அது ஓய்வு. தசையில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதும், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுவதும் பயிற்சிக்குப் பிந்திய ஓய்விலும் நடைபெறுகின்றன. கடைசி இரண்டு நீண்ட ஓட்டங்களைப் பயண மூட்டையைக் கட்டிக்கொண்டே ஓட்டுங்கள். பன்னிரண்டாம் வாரம் இலேசான ஓட்டம் போதும்.

சரியான திறனில் ஓட்டுகிறோமா என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். மிதித்துக்கொண்டே உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இருக்கையின் உயரம், பிரேக், பின்விளக்கு ஆகியவற்றைப் புறப்படும் முன் சரிபாருங்கள். தலைக்கவசம் அணியுங்கள். நான்குவழிச் சாலையில் இணைச்சாலை உள்ள இடமெல்லாம் அதில் செல்லுங்கள். லாரியை ஒட்டிச் சென்றால் காற்றுத் தடை குறையும் என்று ஆசைப்படாதீர்கள். அது திடீரென நின்றால் உங்களுக்கு நிற்க இடமிராது. பெரியவர் ஒருவரின் துணையின்றிப் பயணம் வேண்டாம்.

செய்து பாருங்கள்

இறுதியாக ஒரு கணக்கு. வினாடிக்கு 5 மீட்டர் காற்றை எதிர்த்து 24 கி.மீ. சென்று, அதே காற்று பின்னிருந்து தள்ள, அதே வழியில் திரும்புகிறீர்கள். இருமுறையும் திறன் 88 வாட். போகும்போது வேகம் வினாடிக்கு 3 மீட்டர் என்று முன்பே கண்டோம். திரும்பும்போது 8 மீட்டர் வரும். சரிதானா என்று நீங்களே பாருங்கள். காற்றே இல்லாத நாளில் அதே 88 வாட்டில் வேகம் 5.2 மீட்டர். போகவர ஆகும் மொத்த நேரம் இரு நாளிலும் சமமா?

விடை: காற்றுள்ள நாளில் 11,000 வினாடி, காற்றில்லாத நாளில் சுமார் 9,230 வினாடி. போகும்போது இழந்ததைக் காற்று திரும்பும்போது முழுவதும் தருவதில்லை. அரை மணி நேரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஆகவே பயிற்சியின்போது, களைப்பில்லாத முதல் பாதியில் காற்றை எதிர்த்துப் போங்கள். களைத்த பின்பு காற்றோடு வீடு திரும்புங்கள்.