புற்றுநோய்ச் சிகிச்சையின் பின் மாதவிடாய் மாற்றங்கள்: அறிந்திருக்க வேண்டியவை

மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கு நாற்பது வயதைக் கடந்தபின், சூலகங்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹோர்மோன்களின் அளவு ஏறியும் இறங்கியும் மாறத் தொடங்குகிறது. அதனால் மாதவிடாய் முந்தியோ பிந்தியோ, மிகுந்தோ குறைந்தோ வரலாம். திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியனவும் தோன்றலாம். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின், அது நிரந்தரமாக நின்றதென மருத்துவர்கள் கொள்வர். இதன் சராசரி வயது ஏறத்தாழ 51.

புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது.

சிகிச்சையால் நேரும் மாற்றம்

கீமோதெரபி மருந்துகளுட் சில, குறிப்பாகச் சைக்ளோபொஸ்பமைட், சூலகத்திலுள்ள சூல்முட்டைகளை அழிக்கவல்லன. அதனால் மாதவிடாய் நின்றுபோகலாம். சிலருக்கு அது மாதங்கள் கழித்து, ஓராண்டுக்குப் பின்னரும்கூட, மீளலாம். இளையோருக்கு மீள வாய்ப்பு மிகுதி. நாற்பதைக் கடந்தோருக்குக் குறைவு.

மார்பகப் புற்றுநோய்க்குப் பல்லாண்டுகள் உட்கொள்ளப்படும் தமொக்சிபென், சூலகங்கள் இயங்கும்போதே மாதவிடாயைத் தவறச் செய்யலாம். எனவே, மாதவிடாய் வரவில்லை என்பதற்காகக் கருத்தரிக்க முடியாது என எண்ணலாகாது. இம்மருந்து கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஹோர்மோன் கலவாத கருத்தடை முறை குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

லெட்ரசோல், அனஸ்ட்ரசோல், எக்ஸெமெஸ்டேன் ஆகியவை சூலகங்கள் ஓய்ந்திருந்தால் மட்டுமே உரிய பயன் தரும். இவற்றை உட்கொள்ளும் பெண்ணுக்கு மீண்டும் இரத்தப்போக்கு ஏற்படின், சூலகங்கள் விழித்துக்கொண்டிருக்கலாம். அப்போது மருந்து அளிக்கும் பாதுகாப்பு குறைந்துவிடும். அதனை வெட்கத்தால் மறைப்பது ஆபத்தாகும். ஒரேயொரு இரத்தப் பரிசோதனையும் இதனை உறுதியாகக் காட்டாது. மருத்துவர் அதனை மீண்டும் செய்யச் சொல்லலாம்.

எப்போது தாமதிக்கலாகாது?

• 12 மாதங்களுக்குப் பின் சிறிதளவேனும் இரத்தம் கண்டால்
• தமொக்சிபென் உட்கொள்ளும்போது வழமைக்கு மாறான இரத்தப்போக்கு ஏற்பட்டால் (இம்மருந்து கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பைச் சிறிது கூட்டுகிறது)
• உடலுறவின் பின் இரத்தம் கண்டால்

மணிக்கு ஒரு அணையாடை முற்றாக நனையுமளவு இரத்தப்போக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

உணவும் மருந்தும்

உழுத்தங்களியும் எள்ளும் உணவளவில் உண்பதில் தவறில்லை. ஆனால் தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை முதலியவற்றாலான லேகியங்களையும் அரிட்டங்களையும் புற்றுநோய் மருத்துவரிடம் கூறாமல் உட்கொள்ளலாகாது. உடற்சூட்டைத் தணிக்க ஹோர்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. எனினும் பரொக்செற்றின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தமொக்சிபெனின் செயலைக் குறைக்கும். ஆதலால் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருந்தாளருக்குக் காட்டுக. மாதவிடாய் முன்கூட்டியே நின்றால் எலும்பு தேய்வது விரைவுபடும். மொன்றியலின் நீண்ட குளிர்காலத்தில் வெயில் போதாமையால், வைட்டமின் டி குறித்தும் கேட்டறிக.

மொழியும் உரிமையும்

மகனோ மகளோ மொழிபெயர்க்கும்போது, இரத்தப்போக்கையும் உடலுறவையும் பற்றிப் பேசத் தாய் தயங்குவது இயல்பு. சொல்லப்படாத அறிகுறிக்குச் சிகிச்சை கிடையாது. சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனவும், அவர் பெண்ணாக இருத்தல் விருப்பமெனவும் தெரிவிக்கலாம். சிகிச்சைக்கு நோயாளர் தாமாக, விளங்கிக்கொண்டு தரும் இசைவு தேவையெனக் கியூபெக் குடியியற் சட்டக்கோவை கூறுகிறது. விளங்காத மொழியில் தலையசைப்பது அத்தகைய இசைவாகாது; மீண்டும் விளக்குமாறு கேட்பது உரிமையே.

அவசரமற்ற ஐயங்களுக்கு 811 என்னும் இலவச எண்ணை எந்நேரமும் அழைத்துத் தாதியுடன் பேசலாம். அச்சேவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ளது. உயிராபத்தெனில் 911.

சந்திப்புக்கு முன் குறித்துக்கொள்க

1. கடைசி மாதவிடாய் வந்த நாளும் இரத்தப்போக்கின் அளவும்
2. சிகிச்சை முடிவுற்ற மாதமும் ஆண்டும்
3. உட்கொள்ளும் மருந்துகள், மூலிகைகள் அனைத்தும்
4. உறக்கம், மனநிலை, உடற்சூடு ஆகியவற்றில் கண்ட மாற்றங்கள்

நாட்காட்டியில் இடும் சிறு குறி, மருத்துவருக்குப் பேருதவியாக அமையும்.