சோர்ந்து கிடக்கும் ஃபைட்டர் மீன்: மருந்துக்கு முன் தண்ணீர்

ஃபைட்டர் மீன் தொட்டியின் அடியில் அசையாமல் கிடக்கிறது. தீனி போட்டாலும் மேலே வருவதில்லை. விசிறிபோல விரிந்திருக்க வேண்டிய துடுப்புகள் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன, நிறமும் வெளுத்திருக்கிறது. இந்த நிலையில் நம்மில் பலர் செய்வது, கடைக்கு ஓடி ஒரு நீல மருந்து பாட்டிலை வாங்கிவந்து தொட்டியில் ஊற்றுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தச் சோர்வுக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். அதைச் சரிசெய்யாமல் ஊற்றும் மருந்து, ஏற்கெனவே நொந்திருக்கும் மீனுக்கு மேலும் ஒரு சுமையாகிவிடும்.

முதலில் ஒரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் வையுங்கள். ஃபைட்டர் மீன், அதாவது பெட்டா, தாய்லாந்தின் வெதுவெதுப்பான வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்ந்த இனம். அதற்கு 25 முதல் 28 டிகிரி வேண்டும். சென்னையில் இருப்பவர்கள், 'நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?' என்று கேட்பார்கள். பகலுக்கு அது சரி. ஆனால் மீன் இருப்பது இரவெல்லாம் ஏசி ஓடும் படுக்கையறையில் என்றால்? ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீர் சில மணி நேரத்தில் அறையின் குளிருக்கு இறங்கிவிடும். காலையில் மீண்டும் ஏறும். கோவை, ஓசூர் பக்கம் மார்கழி இரவுகளுக்கு ஏசியும் தேவையில்லை. குளிரில் மீனின் செரிமானம் மந்தமாகும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். வெப்பம் குறைந்திருந்தால் ஹீட்டர் போட்டு மெதுவாக ஏற்றுங்கள், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். வெந்நீரை ஊற்றி ஏற்றுவது ஆபத்து.

அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் இது உருவாகிறது. பழகிய தொட்டியில் ஃபில்டரிலும் கற்களிலும் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா பெருகவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஃபில்டரே இல்லாத கிண்ணத்தில் அது போதுமான அளவுக்கு வளர்வதில்லை. தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் அதில் அம்மோனியா இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவையுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 0.25 பிபிஎம் தெரிந்தாலே தண்ணீர் மாற்றும் நேரம் வந்துவிட்டது. போர் தண்ணீர் போல பிஎச் 8-ஐத் தொடும் தண்ணீரில் அதே அளவு அம்மோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும்.

மாற்றுவது என்றால் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாக்டீரியாவும் போகும், திடீர் மாற்றத்தில் மீனும் துவளும். தினமும் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும். புதுத் தண்ணீர் பழைய தண்ணீரின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு கட்டாயம். ஒரு நாள் வாளியில் திறந்துவைத்தால் குளோரின் போகும்; குளோரமின் போகாது. கேன் தண்ணீர் சுத்தமானது என்று நம்பி அதை மட்டுமே ஊற்றுபவர்களும் உண்டு. ஆர்ஓ தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு, அதனால் பிஎச் நிலையாக நிற்காது. கொஞ்சம் குழாய்த் தண்ணீரோ போர் தண்ணீரோ கலந்துகொள்ளுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுங்கள்.

பெட்டா செவுளால் மட்டும் மூச்சுவிடும் மீன் இல்லை. தலையில் லேபிரிந்த் என்ற உறுப்பு உண்டு; அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிப்போகும். சோர்ந்த மீனுக்கு அந்தப் பயணமே பெரும் பாடு. ஆகவே தண்ணீர் மட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஃபில்டர் வேகத்தைத் தணியுங்கள். நீண்ட வாலுள்ள ஹாஃப்மூன் வகை ஓட்டத்தை எதிர்த்தே களைத்துப்போகும். பக்கத்தில் இன்னொரு ஆண் மீனின் தொட்டியோ கண்ணாடியோ இருந்தால் மறையுங்கள். நாளெல்லாம் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும் மீன் எப்படித் தேறும்?

தண்ணீர் சரியான பிறகும் இரண்டு மூன்று நாளில் மாற்றம் இல்லையென்றால் உடம்பை உற்றுப் பாருங்கள். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்ப்பது நல்லது. தோலில் தனித்தனியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது இக். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது வெளியே வந்து நீந்தும்போதுதான் சாகும். தண்ணீரை 29, 30 டிகிரிக்கு மெல்ல உயர்த்தினால் அதன் வாழ்க்கைச் சுற்று விரைவாக முடியும். புள்ளிகள் மறைந்த பிறகும் சில நாட்கள் சிகிச்சையைத் தொடர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். டார்ச் வெளிச்சத்தில் மட்டும் மின்னும் மெல்லிய பொன்னிறப் படிவு தெரிந்தால் அது வெல்வெட். அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தையும் உணவாக்கிக்கொள்ளும். தொட்டியைத் துணியால் மூடிவைத்து, அதற்கென்று உள்ள மருந்தைப் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் மட்டும் கொடுங்கள்.

துடுப்பின் ஓரம் கிழிந்து கருத்திருந்தால் பெரும்பாலும் சுத்தமான தண்ணீரும் கல் உப்பும் போதும். வேறு எதுவும் சேர்க்காத கல் உப்பு, லிட்டருக்கு ஒரு கிராம். தனியே கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை நிரப்பும்போது மறுபடி உப்பு போடாதீர்கள். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். நைட்ரைட் இருக்கும் தண்ணீரிலும் இந்த உப்பு கைகொடுக்கும். மீனின் ரத்தத்தில் நைட்ரைட் ஏறுவதை அது தடுக்கிறது.

நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலை, தாய்லாந்தில் பெட்டா வளர்ப்பவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் பொருள். தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலை ஒன்றை, பூச்சிமருந்தும் வண்டிப் புகையும் படாத இடத்தில் பொறுக்கி, கழுவி, 20 லிட்டர் தொட்டியில் போடுங்கள். தண்ணீர் டீ நிறமாகும், பயப்பட வேண்டாம். தொற்றை முழுதாக ஒழிக்கும் மருந்தாக அதை எண்ணிவிடக் கூடாது; தேறும் மீனுக்கு அது நல்ல துணை.

வயிறு உப்பி, மீன் சாய்ந்து மிதந்தால் இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மலச்சிக்கலாக இருந்தால் அதிலேயே தெளிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு, 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், உதவும். செதில்களெல்லாம் குத்திட்டு நிற்கும் அளவுக்கு உப்பியிருந்தால் அது டிராப்சி. சிறுநீரகம் கெட்டதன் அடையாளம். அதிலிருந்து மீள்வது அரிது. உங்கள் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளவே இதைச் சொல்கிறேன்.

மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கடின நீரில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்வதால் மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரத்தான் அது வழி. நீல மருந்தான மெத்திலீன் புளூவுக்கும் உரிய இடம் உண்டு, ஆனால் தனி டப்பாவில். தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சாகும், மறுபடி அம்மோனியா ஏறும்.

மீன் மேலே வந்து விரலைத் தேடத் தொடங்கினால் ஒரே ஒரு பெல்லட் போட்டுப் பாருங்கள். தின்றால் மாலையில் இன்னொன்று. துப்பிவிட்டால் அதை உடனே எடுத்துவிட்டு, மறுநாள் டாஃப்னியா கொடுத்துப் பாருங்கள். சாக்கடையில் பிடித்த டியூபிஃபெக்ஸ் புழு இப்போதைக்கு வேண்டாம். ஒரு வாரத்தில் வேளைக்கு இரண்டு மூன்று பெல்லட் என்ற பழைய அளவுக்கு வரலாம். அதற்குள் கிண்ணத்துக்குப் பதிலாக 20 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே ஒரு மூடி, இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். மீனைத் தேற்றி அதே கிண்ணத்தில் மீண்டும் விட்டால் அடுத்த மாதமும் இதே சோர்வு வரும்.