புள்ளியை எங்கே வைப்பது? புளிக்காய்ச்சல் கணக்கும் நான்கு வழிகளும்

மண்டியா மாவட்டத்து மேல்கோட்டை, அதாவது ராமானுஜர் தங்கிய திருநாராயணபுரம், புளியோதரைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு வீட்டில் புளிக்காய்ச்சல் காய்ச்சி, டின்னுக்கு 2.35 கிலோவாக ஆறு டின் நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எவ்வளவு?

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் 141, 14.1, 1.41 என்று மூன்று விடையும் வரும். இலக்கங்கள் மூன்றிலும் அவையேதான். புள்ளி மட்டும் அலைகிறது. ஆகவே பேனாவை எடுக்குமுன் ஒரு மதிப்பீடு: ஒரு டின் 2 கிலோவுக்கு மேல், 3-க்குள். ஆறு டின் 12-க்கும் 18-க்கும் நடுவே. இனி எந்த வழியில் போனாலும் வழி தவறாது.

1. புள்ளியை மறந்து பெருக்குவது
235 × 6 = 1410. தசம இடங்கள் இரண்டு, விடை 14.10. எந்த எண்ணுக்கும் செல்லும். ஆனால் கடைசிச் சுழியை முதலிலேயே அடித்துவிட்டு இடம் எண்ணினால் 1.41 ஆகிவிடும். முதலில் புள்ளி, பிறகு சுழி.

2. பிரித்துப் பெருக்குவது
2 × 6 = 12; 0.35 × 6 = 2.10, கூட்டினால் 14.10. மனக்கணக்குக்கு ஏற்றது. இலக்கம் கூடினால் சுமை.

3. சிறிய அலகுக்கு மாற்றுவது
2350 கிராம் × 6 = 14,100 கிராம். புள்ளி என்றாலே பயப்படும் பிள்ளைக்கு இதுதான் நல்ல தொடக்கம். அலகு இல்லாத வெற்று எண்ணுக்கு உதவாது.

4. பின்னமாக்குவது
0.125 என்பது நம் அரைக்கால், 1/8. ஆகவே 0.125 × 24 என்றால் 24 ÷ 8 = 3. 0.0625 என்பது மாகாணி, 1/16. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்ததால் ஓரணாவே மாகாணி ரூபாய். 1957 ஏப்ரல் 1-இல் ரூபாய் நூறு பைசாவானபோது ஓரணா 6.25 பைசா, நாலணாவுக்குத்தான் 6.25 × 4 = 25 என்று முழுதாக வந்தது. 2.35 போன்ற எண்ணுக்கு இந்த வழி வேண்டாம்.

வகுத்தலில் எது?
நீள்வகுத்தல்தான் பொதுவழி. வகுபடும் எண்ணில் புள்ளியைக் கடக்கும்போதே ஈவிலும் புள்ளி வைத்துவிட வேண்டும். 7.5 ÷ 6: ஒரு முறை போய் மீதி 1, புள்ளி, 15-இல் இரண்டு முறை, மீதி 3, சுழி சேர்த்து 30-இல் ஐந்து முறை. விடை 1.25. “1.2, மீதி 3” என்று நிறுத்துவது தவறு, அந்த 3 பத்தில் மூன்று.

6.18 ÷ 6-இல் 1-ஐ இறக்கியதும் ஆறு போகாது. அங்கே சுழி போட வேண்டும். விடை 1.03. மறந்து 1.3 என்று எழுதியவர் திரும்பப் பெருக்கிப் பார்க்கட்டும்: 7.8 வரும்.

விடை முடியாமல் நீண்டால் அலகு மாற்றமே கைகொடுக்கும். 2.5 கிலோவை ஆறு பங்காக்கினால் 0.41666… தேர்வுத்தாளில் 0.42 என்று முழுமையாக்கலாம். அதை நம்பிக் கரண்டியைப் பிடித்தால் ஐந்து பேருக்கு 420 கிராம் போய், ஆறாமவருக்கு 400-தான் மிஞ்சும். சமையலறையில் 416 கிராம் என்று அளந்து, மிஞ்சும் 4 கிராமைக் காய்ச்சியவர் விரலால் வழித்துக்கொள்வதே சரி.