உறக்கமில்லாத உற்சாகம்

கேள்வி: சின்ன வெங்காயம் பயிரிடும் என் கணவர் சில மாதம் எதிலும் பிடிப்பின்றிப் படுத்தே கிடக்கிறார். பிறகு தூக்கமே இல்லாமல் பேசுகிறார், கடன் வாங்கிச் செலவழிக்கிறார். குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, பாடாலூர்

பதில்: சகோதரி, வெங்காய விலை விழுந்த கவலை என்று இதை ஒதுக்காதீர்கள். இந்த இரண்டு நிலைகளும் மாறி மாறி வந்தால் இருதுருவ மனநோயாக இருக்கலாம். மருத்துவரிடம் சோர்வை மட்டும் சொல்லாமல், தூங்காத நாட்களையும் கடனையும் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அந்தத் தூக்கமில்லாத வேகம் கிளம்பிவிடும். லித்தியம் போன்ற மருந்துகள் இரண்டு நிலைகளையும் கட்டுப்படுத்தும்; லித்தியத்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை அவசியம். தேறியதும் தானாக நிறுத்திவிட்டால் நோய் திரும்பும்.

குணசீலம் பெருமாளைச் சேவிப்பதில் தவறே இல்லை. மருத்துவத்தை விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் தீக்கு இரையானதை என்னால் மறக்க முடியவில்லை. சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

பெரம்பலூர் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். சாவைப் பற்றி அவர் பேசினால் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.